சாருகாவுக்குக் காட்டிய இடங்கள்

பேருந்து வரும்வரைக்கும் ஒரு விடுகதை போடட்டுமா, தம்பி? இன்றைக்கு வேலைநிறுத்தம். பேருந்து வரும், ஆனால் எப்போது வரும் என்று ஓட்டுகிறவனுக்கே தெரியாது. நிழலுக்கு வந்து உட்காருங்கோ.

விடுகதை இதுதான். கடலைப் பார்த்தபடி எட்டு வருஷம் இருந்தாள், கால் நனையவில்லை. ஊரைப் பார்க்க உலகத்துச் சனமெல்லாம் வந்து போனது, அவள் மட்டும் பார்க்கவில்லை. அவள் யார்?

கலங்கரை விளக்கமா? நல்ல விடை. என் மகளும் அதைத்தான் சொன்னாள். ஆனால் கலங்கரை விளக்கத்தின் அடியில் அலை அடிக்கிறதே, கால் நனைந்துவிடுமே. இல்லை தம்பி. அது நான்தான்.

என் பெயர் யோகராணி. பருத்தித்துறைக்குப் பக்கம். இங்கே பெயரைச் சொன்னால், யோகா சொல்லிக் கொடுப்பாயா என்று கேட்பார்கள். கீழ்வீட்டு மனுஷி ஒரு நாள் முதுகு வலி என்று வந்து, பாயை விரித்துக் குப்புறப் படுத்துவிட்டாள். என்ன செய்வது, நல்லெண்ணெய் பூசித் தேய்த்து விட்டேன். நல்ல யோகா என்று இப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாளாம்.

நீங்கள் தமிழில் தொலைபேசியில் கதைத்தது காதில் விழுந்தது. அதுதான் பக்கத்தில் வந்தேன். இந்தச் சாந்தெல்மோ ஊரில் தமிழ் கேட்பது கோடையில் மழை பெய்வதைப் போல. கோட்டைக்கு வழி கேட்டீர்கள், இல்லையா? இந்த ஊரில் பார்க்க வேண்டிய இடமெல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம். கோட்டைக்கு வெயில் ஏறமுன்னம் போக வேண்டும். படியில் ஆட்டுப் புழுக்கை கிடக்கும், வழுக்கும். மேலே தண்ணீர் கிடையாது. போன கோடை வரைக்கும் இது எனக்கும் தெரியாது. நம்புவீர்களோ என்னவோ.

அதோ, மீன்பிடித் துறைக்கு முன்னால் மஞ்சள் கட்டடம் தெரிகிறதா? மூன்றாம் மாடியில் பச்சைக் கதவு போட்ட பால்கனி. அங்கேதான் கலோஜெரோ ஐயா இருக்கிறார். இவர்கள் சிஞ்ஞோர் என்பார்கள், எனக்கு ஐயா என்றுதான் வாயில் வரும். தீவுக்குப் போகிற கப்பலில் எஞ்சின் பார்த்தவர். இப்போது கால் இரண்டும் சரியில்லை. மனைவி காலமாகிவிட்டார். மகன் ரோமில். வீட்டோடு தங்கிப் பார்க்க ஆள் தேடினார்கள், நான் போனேன். வீட்டோடு தங்குகிற வேலை என்றால் வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் நம்முடையது. வியாழன் பின்னேரம் நான் தூங்குவேன். ஞாயிறு ரயிலேறிப் பலெர்மோவுக்குப் போவேன். அங்கே எங்கள் சனம் இருக்கிறது, மிளகாய்த்தூள் வாங்கலாம், கோயிலுக்குப் போகலாம், கொஞ்ச நேரம் தமிழில் கதைக்கலாம். இந்த ஊர் சன்னலுக்கு வெளியே இருந்தது, அவ்வளவுதான்.

சாருகாவுக்கு அப்போது மூன்று வயது. அவளுடைய அப்பாவைப் பற்றிக் கேட்காதீர்கள். கனடாவில் இருக்கிறார் என்று சனம் சொல்கிறது, இருக்கட்டும். தங்கிச் செய்கிற வேலைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. என் அக்கா பொலோனியாவில் இருக்கிறாள். இத்தாலியின் மேல்பக்கம், இங்கிருந்து ஒரு பகலும் இரவும் ரயிலில் போக வேண்டும். அத்தானுக்குத் தொழிற்சாலையில் நிரந்தர வேலை, இரண்டு பெடியன்கள். ஒரு வருஷம் என்னிடம் விடு, பிறகு பார்ப்போம் என்றாள். நானும் விட்டேன். பிறகு பார்ப்போம், பிறகு பார்ப்போம் என்று பிள்ளைக்குப் பதினொரு வயது வந்துவிட்டது.

அக்கா குறை வைக்கவில்லை, தம்பி. அதை நான் எங்கேயும் சொல்வேன். பிள்ளைக்குத் தனி அறை. நீச்சல் வகுப்பு. வருஷத்துக்கு ஒருமுறை பனி பார்க்க மலைக்குக் கூட்டிப் போவார்கள், வெனிஸைக் காட்டினார்கள். எல்லாவற்றையும் படம் பிடித்து எனக்கு அனுப்புவாள். ஏன் அனுப்புகிறாள்? நான் பார்த்துச் சந்தோஷப்படத்தான். அப்படித்தான் சொல்வாள்.

போன வருஷம் பங்குனியில் எனக்கு ஒரு நல்ல காலம் வந்தது. ஐயாவின் மகன், ஆடியிலிருந்து நீ பகலில் மட்டும் வந்தால் போதும், இரவுக்கு வேறொரு பெண்ணை வைக்கிறேன் என்றான். நான் உடனே தேவாலயத்துக்குப் பின்னால் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தேன். ஒரு அறைக்கு நானே மஞ்சள் சாயம் அடித்தேன். கட்டில், மேசை, மேசை விளக்கு. அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். செப்டம்பரில் பிள்ளைக்கு எப்படியும் புதுப் பள்ளிக்கூடம்தானே, அது இங்கே இருந்தால் என்ன என்று கேட்டேன்.

அக்கா சொன்னாள்: ‘ஆடி மாசம் வந்து பத்து நாள் நிக்கட்டும் யோகா. பிறகு அவளே சொல்லட்டும். அவள் பொம்மை இல்லை.’

பெற்றவள் நான். கேட்பது பிள்ளையிடமாம். சரி என்றேன். சரி என்று சொல்லாமல் என்ன செய்வது?

பத்து நாள், தம்பி. வெனிஸையும் பனிமலையையும் பார்த்த பிள்ளைக்கு இந்த ஊரில் எதைக் காட்டுவேன்? நான் ஐயாவிடம் கேட்டேன். அவர் படுக்கையில் சாய்ந்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலில் கோட்டை. பிறகு பழைய சூரை மீன் ஆலை, இப்போது அதைக் காட்சிசாலை ஆக்கிவிட்டார்கள். முனையைச் சுற்றிப் பாறை வழியாகக் காவல் கோபுரம் வரைக்கும் நடை. துறைமுகச் சுவருக்குப் பின்னால் பிள்ளைகள் குதிக்கிற இடம். விசைப்படகுகள் திரும்புகிற நேரத்தில் மீன் ஏலம். கடைசியில் கடற்குகை, அதற்கு மீன் விற்கிற சாரோவின் படகில் போக வேண்டும், காலை வெயில் உள்ளே விழுகிற நேரத்தில். எல்லாம் சொல்லிவிட்டு, பிறகு அவளை இங்கே கூட்டி வா, நான் பால்கனியில் இருப்பேன் என்றார்.

ஐயாவுக்கு அப்படி ஒரு ஆசை. வயதானவர்கள் சொல்வார்கள்தானே. அங்கே பார்க்க என்ன இருக்கிறது? இரண்டு பிளாஸ்டிக் கதிரை, ஒரு கொடி, மருந்து மணம். பிள்ளை என்னை அங்கே வாளியும் துணியுமாகப் பார்க்க வேண்டுமா?

பத்து நாளும் லீவு எடுத்தேன். பிள்ளை ரயிலால் இறங்கினாள், என் தோளுக்கு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து மஞ்சள் அறையைச் சுற்றிப் பார்த்தாள், கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். ‘நல்லாயிருக்கு அம்மா. இண்டைக்கு வீட்டிலை நிப்பமா?’ என்று கேட்டாள். பயணக் களைப்பு. பத்து நாளில் ஒரு நாளை வீட்டில் வைத்து வீணாக்க முடியுமா? முகம் கழுவிக்கொண்டு வரச் சொல்லி, ஏலம் பார்க்கக் கூட்டிப்போனேன்.

அந்தப் பத்து நாளில் நான் நடந்த நடை, தம்பி, இந்த எட்டு வருஷத்திலும் நடந்திருக்க மாட்டேன். ஒரு கையில் குடை. இங்கே வெயிலுக்குக் குடை பிடிக்கிறவள் நான் ஒருத்திதான், மழை எங்கே என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். தோளில் பை. பையில் சோற்றுப் பார்சல், தண்ணீர், துவாய், மாற்றுடுப்பு, என் விசா, பாஸ்போர்ட், வாடகைக் கடிதம். அதையெல்லாம் நான் வீட்டில் வைத்துவிட்டு வெளியே போவதில்லை. நமக்கு அதுதானே உயிர்.

கோட்டையில் நான் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். சாருகா மேலே போய் வந்து, அங்கே எழுதியிருந்ததை எனக்கு வாசித்துச் சொன்னாள். அவளுடைய இத்தாலியன் அப்படி ஓடும். நான் கதைத்தால், கேட்கிறவர்கள் அவளைப் பார்ப்பார்கள், அவள் திருப்பிச் சொல்வாள். சூரை ஆலையில் அப்படித்தான். அங்கே கிடந்த துருப்பிடித்த நங்கூரங்களைப் பற்றி, சுற்றிக் காட்டுகிற பெண் என்னவெல்லாமோ சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். வெளியே வந்ததும் பிள்ளை கேட்டாள், அம்மா, நீங்கள் இதற்கு முன்னம் இங்கே வந்ததே இல்லையா என்று. வந்திருக்கிறேன், மறந்துவிட்டது என்றேன்.

ஒவ்வொரு இடத்திலும் அவளை நிற்க வைத்து ஒரு படம். உடனே அக்காவுக்கு அனுப்புவேன். அக்கா ஒரு பெருவிரலைத் திருப்பி அனுப்புவாள். ஒரு வார்த்தை எழுதினால் என்ன? பெருவிரல்.

பிள்ளைகள் குதிக்கிற இடத்துக்குத்தான் அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளுக்கு நீச்சல் நன்றாக வரும். ஊர்ப் பிள்ளைகளோடு அரை மணியில் சேர்ந்துவிட்டாள். ஒரு பெடியன், பாறையில் முள்ளுப் பந்து போல ஒட்டியிருக்கிற கடல்முள்ளியை வெட்டி, உள்ளே இருக்கிற செம்மஞ்சள் சதையைப் பாண் துண்டில் தடவிக் கொடுக்கிறான், இவள் பச்சையாகவே வாயில் போடுகிறாள். நான் பாறையில் குடையை விரித்து, பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

‘அம்மா, முழங்கால் மட்டும் வாங்கோ. நான் கையைப் பிடிக்கிறன்.’

‘ஆர் பையைப் பாக்கிறது?’

‘ஒருத்தரும் எடுக்க மாட்டினம் அம்மா.’

‘நீங்கள் விளையாடுங்கோ பிள்ளை. நான் இஞ்சை இருந்து படம் எடுக்கிறன்.’

அவள் இரண்டு மூன்று நாள் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. அதுவரைக்கும் நல்லது என்று நினைத்தேன்.

இன்னொன்றும் கேட்டாள். மஞ்சள் கட்டடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஐயா பால்கனியில் இருப்பார். கைத்தடியைத் தூக்கி ஆட்டுவார். இவளும் கையை ஆட்டுவாள். மேலே போவோமா என்பாள். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்பேன். நீங்கள் அங்கேதானே இருந்தீங்கள் என்பாள். அதற்கு என்ன சொல்வது? நாளைக்கு என்று சொல்லி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். பார்க்க இன்னும் எத்தனை இடம் இருந்தது.

ஏழாம் நாள் முனையைச் சுற்றி நடந்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். இங்கே மத்தியானம் தெரியும்தானே, கடை பூட்டு, சன்னல் பூட்டு, நாய்கூடக் குரைக்காது. நான் முதுகை நிமிர்த்தலாம் என்று சாய்ந்தேன், அப்படியே தூங்கிவிட்டேன். எழும்பினால் பிள்ளை இல்லை. கட்டில் விரித்தபடி இருக்கிறது. செருப்பு இல்லை. கொடியில் காயப்போட்ட நீச்சல் உடுப்பும் இல்லை.

தம்பி, எனக்கு அப்போது வேறொன்றும் தோன்றவில்லை. பையைத் தூக்கினேன், ஓடினேன். குதிக்கிற இடத்தில் ஒருத்தரும் இல்லை. தண்ணீரில் தூரத்தில் நீலமாக ஏதோ மிதந்தது. பிள்ளையின் நீச்சல் உடுப்பு நீலம். நான் செருப்போடு இறங்கிவிட்டேன். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறேன். பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்துகிறேன். ஓரத்துக் கட்டடங்களில் சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன.

‘அம்மா! நான் இஞ்சை!’

திரும்பினால், மூன்றாம் மாடிப் பால்கனியில் சாருகா. பக்கத்தில் ஐயா, கைத்தடியைத் தூக்கியபடி. நீலமாக மிதந்தது யாருடையதோ உடைந்த வாளி. நீச்சல் உடுப்பைப் பிறகு கண்டேன், காய்ந்ததும் மடித்து அலுமாரிக்குள் வைத்திருக்கிறாள். அக்கா அப்படிப் பழக்கியிருக்கிறாள்.

சொட்டச் சொட்ட மேலே ஏறினேன். படியெல்லாம் தண்ணீர். பால்கனியில் ஒரு சின்ன மேசை, மேசையில் சீட்டுக்கட்டு, ஒரு கிண்ணத்தில் பீச் பழம் துண்டுதுண்டாக. ஐயாவுக்குப் பழத்தைத் தோல் சீவிப் பொடியாக வெட்டித்தான் கொடுக்க வேண்டும். இவளே வெட்டியிருக்கிறாள். இரவுக்கு வைத்த ருமேனியாக்காரிதான் என் லீவுக்குப் பகலிலும் நின்றாள், அவள் கடைக்குப் போயிருந்தாளாம். நான் பிள்ளையை நன்றாக ஏசினேன். சொல்லாமல் வரலாமா, கடலில் போய்விட்டாய் என்று நினைத்தேன் என்று என்னவெல்லாமோ சொன்னேன். அவள் அழவில்லை. உள்ளே போய் ஐயாவின் துவாயைக் கொண்டுவந்து என் தோளில் போட்டாள்.

ஐயா நடுவில் புகுந்து, ஏசாதே, சாருகாவை எனக்கு நெடுநாளாய்த் தெரியும் என்றார். முன்பல் எப்போது விழுந்தது, எந்தக் கை எப்போது முறிந்தது, பள்ளியில் எந்த ஆசிரியையைப் பிடிக்காது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொன்னதுதான். இரவும் பகலும் ஒரு மனுஷனோடு ஒரே வீட்டில் இருந்தால் எதையாவது கதைக்கத்தானே வேண்டும்? என்னிடம் வேறென்ன கதை இருக்கிறது?

அதோடு விட்டிருக்கலாம். அந்த மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு ஆராரோ என்று தொடங்கினார். எங்கள் தாலாட்டு, தம்பி. சொல் எல்லாம் நொறுங்கிப்போய்க் கிடக்கிறது, ஆனால் ராகம் பிழைக்கவில்லை. சாருகா முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முடித்ததும் என்னைப் பார்த்தாள்.

‘ஒவ்வொரு நாளும் இரவு இவருக்குப் பாட்டுப் படிப்பீங்களாமே?’

‘ஓம். படிச்சால்தான் அவர் படுப்பார்.’

‘எனக்குப் படிச்சிருக்கிறீங்களா?’

‘சின்னனிலை படிச்சிருப்பன். உங்களுக்கு ஞாபகம் இராது.’

‘இவருக்கு மட்டும் ஏன் ஒவ்வொரு நாளும்?’

‘அது வேலை பிள்ளை. வேலையெண்டால் செய்யத்தானே வேணும்.’

நான் சொன்னதில் ஏதும் பிழை இருக்கிறதா, தம்பி? வேலைதானே. சும்மாவா படித்தேன்? நல்ல காலம் பார்த்து ருமேனியாக்காரி வந்துவிட்டாள். நாங்கள் இறங்கி வந்தோம். பிள்ளை அன்று படுக்கப் போகும்போது, தனக்கும் அதைப் படிக்கச் சொன்னாள். எனக்கோ கடலில் இறங்கின குளிரும் களைப்பும். விடிந்தால் குகைக்குப் போக வேண்டும். நாளைக்குப் படிக்கிறேன் என்றேன். மறுநாள் அவளும் கேட்கவில்லை, எனக்கும் நினைவு வரவில்லை. குகைக்குப் போய் வந்த அலுப்பு அப்படி.

குகையை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். கோட்டையை விட்டாலும் குகையை விடாதீர்கள். சாரோவிடம் என் பெயரைச் சொல்லுங்கோ, நன்றாகக் கவனிப்பார். நான் விடியவே எழும்பி மீன் குழம்பு வைத்து, சோறு கட்டி எடுத்துக்கொண்டு போனேன். படகில் சாரோ மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, என்னிடம் வாங்கிய மீனை என் படகிலேயே கடலுக்குத் திருப்பிக் கொண்டுபோகிறாயா என்று கேட்டார். சாருகா அன்றைக்கு அதற்குத்தான் ஒருமுறை சிரித்தாள்.

அவளுக்கு அன்று வர மனமில்லை. வீட்டில் நிற்போம் அம்மா, புட்டு அவிப்போம், எனக்குப் புட்டு அவிக்கக் காட்டித் தாங்கோ என்றாள். புட்டு எங்கேயும் அவிக்கலாம். பொலோனியாவிலும் அவிக்கலாம். குகை அங்கே இருக்கிறதா?

உள்ளே போனால் தண்ணீருக்குள் விளக்குப் போட்டது போல இருக்கும், தம்பி. நீலம் என்றால் அப்படி ஒரு நீலம், பிள்ளையின் முகம், படகு, சாரோவின் வெள்ளை மீசை எல்லாம் நீலம். சாருகா இறங்கி நீந்தினாள். நான் படகுப் பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் படம் எடுத்தேன். இருபது முப்பது படம் எடுத்திருப்பேன். அவள் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் ஒரு படத்திலும் இல்லையே அம்மா என்றாள். உண்மைதான். சாரோ போனை வாங்கி இரண்டு பேரையும் சேர்த்து எடுக்கிறேன் என்றார். என் தலை உப்புக் காற்றில் பற்றையாகக் கிடந்தது. அக்காவுக்குப் போகிற படம். அடுத்த முறை எடுப்போம் என்றேன்.

அன்றைய படங்களுக்கு அக்கா பெருவிரல் அனுப்பவில்லை. பிள்ளை களைத்துப்போய் இருக்கிறாளே என்று எழுதினாள். பார்த்தீர்களா? அத்தனை நீலத்தில் அவளுக்குத் தெரிந்தது அதுதான்.

ஒன்பதாம் நாள் ஐயாவின் மகன் ரோமிலிருந்து போன் எடுத்தான். அப்பா ஒன்பது நாளாய்ச் சரியாக நித்திரை கொள்ளவில்லையாம். ருமேனியாக்காரி தொலைக்காட்சியைப் போட்டு விடுகிறாளாம், அவர் விடியவிடிய முழித்திருக்கிறாராம். நீ பகல் வேலையை முடித்து வீட்டுக்குப் போனாலும், இரவு ஒருமுறை வந்து அவரைப் படுக்க வைத்துவிட்டுப் போவாயா என்று கேட்டான். அழாக்குறையாகக் கேட்டான். எட்டு வருஷம் சாப்பாடு போட்ட வீடு. எனக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. ஓம் என்றேன். சாருகா பக்கத்தில் இருந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். இத்தாலியன் அவளுக்கு நன்றாக விளங்கும் என்று சொன்னேன்தானே.

மறுநாள் காலை ரயில். அக்கா நேரத்தோடு போன் எடுத்தாள். ஒலிபெருக்கியில் போடு யோகா, எல்லாரும் கேட்கட்டும், பிறகு நான் சொல்லிக் கொடுத்தது என்று நீ சொல்லக் கூடாது என்றாள். போட்டேன். போனை மேசையில் வைத்தோம். அக்கா, சொல்லு பிள்ளை, யோசித்துச் சொல்லு, எது சொன்னாலும் ஒருத்தரும் கோபிக்க மாட்டோம் என்றாள். குரல் அவளுக்கும் சரியில்லை. அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

காட்டாத இடம் ஒன்று இரண்டுதான் மிச்சம். வேறு குறை ஒன்றும் வைக்கவில்லை. அப்படித்தான் அந்த நேரம் மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன்.

சாருகா என்னைத்தான் பார்த்தாள்.

‘செப்டம்பரிலை நான் வந்தால், நான் படுக்கிற நேரம் நீங்கள் வீட்டிலை இருப்பீங்களா?’

இந்தக் கேள்வி அந்தப் பிள்ளைக்குத் தானாக வந்திருக்குமா, தம்பி? அக்கா சொல்லிக் கொடுக்காமல் வந்திருக்குமா? சரி, விடுங்கோ. நான் பிள்ளைக்குப் பொய் சொல்கிறவள் இல்லை.

‘ஐயா படுத்த உடனை வந்திடுவன் பிள்ளை. அதுக்கிடையிலை நீங்கள் கதவைப் பூட்டிப்போட்டுப் படுங்கோ. கீழ்வீட்டு மனுஷி இருக்கிறா, பயமில்லை. ஞாயிற்றுக்கிழமையளிலை மிச்ச இடமெல்லாம் பாப்பம். உப்பளம் நாங்கள் இன்னும் பாக்கேல்லை.’

அவள் குனிந்து, போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, பெரியம்மா, நான் பொலோனியாவில் படிக்கிறேன் என்று சொன்னாள்.